படுதாவும் ஏரியும்

கொடைக்கானலுக்குக் காரில் போக 'இ-பாஸ்' வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு 2024 மே 7-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 2025 கோடைக்கு ஒரு கணக்கும் வகுத்தார்கள்: வார நாட்களில் நாளைக்கு 4,000 வண்டிகள், சனி, ஞாயிறுகளில் 6,000. அன்று பிடித்து என் நண்பர்களுக்குக் கோபமான கோபம். "சொந்த தேசத்தில் ஒரு மலையைப் பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டா? மலை என்ன, எவன் வீட்டுத் தோட்டம்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால், கேட்கிறவர்கள் மலையைப் பார்க்கிறார்களா?

இவர்களில் ஒருவரோடு வத்தலக்குண்டு வழியாக நானும் ஒரு முறை போனேன். வெள்ளி அருவியில் கார் நின்றது. குடும்பம் முழுவதும் இறங்கி, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றது, கைப்பேசியில் படம் பிடித்தாயிற்று, கார் புறப்பட்டது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையிலும் இதே வைபவம்தான். "ரொம்ப அழகு ஸார்" என்றார் நண்பர். அடுத்த மூச்சில், "அடுத்த பாயிண்ட் எது டிரைவர்?" என்றார். அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோக்களில் ஏரியும் மலையும் எழுதிய படுதா ஒன்று தொங்கும். அதன் முன்னால் நின்றிருந்தாலும் இவருக்குக் குறை ஒன்றும் இருந்திருக்காது, பெட்ரோலும் மிச்சம்.

படுதாவில் குப்பை போட்டால் துடைத்துவிடலாம். ஏரி அப்படியல்ல. கொடைக்கானல் ஏரி இயற்கை கொடுத்ததுகூட அல்ல. 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் ஓடையை மறித்து அணை கட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். போட்டதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க அது சமுத்திரமா? ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே ஏரியில் எறிந்த எச்சில் இலைக்குத்தான் கீழே முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம்!

உதகையைப் பாருங்கள். 1820-களில் ஸல்லிவன் துரை உண்டாக்கிய ஏரி அது. பின்னால் பஸ் ஸ்டாண்டாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் ஆன இடங்களில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது. மிஞ்சிய ஏரியில் ஊர்ச் சாக்கடை கலந்தது. அங்கே யாரும் ஏரியைக் கொல்லத் திட்டம் போடவில்லை. எல்லாரும் வந்தார்கள், ரசித்தார்கள், அவ்வளவுதான்.

கொடைக்கானலுக்கு அப்பால் இருபது கிலோமீட்டர் காட்டுக்குள் பேரிஜம் ஏரி இருக்கிறது. வனத்துறை கணக்காகத்தான் வண்டிகளை விடுகிறது, இரவு தங்கக்கூடாது. இதற்கும் என் நண்பருக்குக் கோபம். அந்த ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீராகப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் காட்சி; பெரியகுளத்தில் ஒரு தாயாருக்கு அது இடுப்புக் குடம். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம்கூட வேண்டாம்.

ஹோட்டல் சிப்பந்தியும் குதிரைக்காரரும் காரட் விற்கிற பெண்பிள்ளையும், "வண்டி குறைந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால், மூன்று மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிட்டு இறங்கிப் போகிற கார் அவர்களுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகிறது? புகையும் காலிப் பாட்டிலும். மூன்று நாள் தங்கி, நடந்து பார்க்கிறவன்தான் அவர்கள் கையில் காசு வைக்கிறவன். ஏரி நாறிப்போனால் அவனும் வரமாட்டான்.

இன்னொன்றையும் நண்பர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அரசாங்க பஸ்ஸில் ஏறுகிறவனை யாரும் 'இ-பாஸ்' கேட்பதில்லை. அப்படியானால் மலை யாருக்கு மூடப்பட்டது? மனிதனுக்கு அல்ல, காருக்குத்தான் கணக்கு. ஏழை எப்போதும்போலப் போய்வருகிறான். ஜனங்களின் உரிமை பறிபோயிற்று என்று கூச்சல் போடுகிறவர்கள், பறிபோனது தங்கள் காரின் உரிமை என்று ஒப்புக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால் இந்தக் கணக்குகூடப் போதாது. கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஏரிக் கரைக்கு எல்லாரையும் நடந்து வரச் சொல்லவேண்டும். நடக்க முடியாத முதியவர்களுக்கு ஒரு பஸ் விட்டால் போதும். ஐந்து கிலோமீட்டர் நடக்க மனசில்லாதவருக்கு ஏரி எதற்கு? படுதா போதும்.