துணிப்பையில் தண்ணீர் பிடிக்க முடியாது

சில மாதங்களுக்கு முன் பழவேற்காடு ஏரிக்கரையில், ஊருக்கு வெளியே உள்ள நம் மக்களின் குடியிருப்பு ஒன்றில், இளம் தாய்மார்களுக்கான கூட்டம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். நகரத்திலிருந்து வந்த தன்னார்வக் குழுவினர், குழந்தைகளை இயற்கையோடு இணைந்து வளர்ப்பது பற்றிப் பேசினார்கள். பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், மரப்பொம்மை வாங்குங்கள். டயப்பர் வேண்டாம், துணி கட்டுங்கள். பாக்கெட் தின்பண்டம் வேண்டாம், சிறுதானியம் கொடுங்கள். முடிவில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஓர் அக்கா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பையில தண்ணி புடிச்சு வைக்க முடியுமாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. அங்கே நிலத்தடி நீர் உப்பு. குழாயில் தண்ணீர் வராத நாளில் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக் கேன்தான், வேறு வழியில்லை. வந்தவர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் ஆரோக்கியத்தை வீட்டுக்குள் தாய் வாங்கும் பொருள்களோடு சுருக்கிவிடும் பேச்சு, வீட்டுக்கு வெளியே அந்தத் தாயின் கையில் இல்லாத எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

இந்த ஏரியில் இருளர் பெண்கள் இறால் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? இடுப்பளவு தண்ணீரில், பனை ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். எந்திரம் இல்லை, டீசல் இல்லை, வலைகூட இல்லை. அந்த வீடுகளில் பழம்புடவை கிழித்துத்தான் குழந்தைக்குத் துணி கட்டினார்கள். பனங்காய் வண்டியும் ஓலைக் காத்தாடியும்தான் பொம்மை. சென்னாக்குன்னியும் பொடிமீனும்தான் சோற்றுக்குத் துணை. பொடிமீனை முள்ளோடு மென்று தின்ற பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிலேயே கிடைத்தது. அப்போது இதை யாரும் பசுமை வாழ்க்கை என்று பாராட்டவில்லை. ஏழ்மை என்றார்கள், அநாகரிகம் என்றார்கள். அதே ஓலையும் அதே துணியும் நகரத்துக் கடையில் நல்ல விலைக்கு வந்த பிறகு அது விழிப்புணர்வாகிவிட்டது.

இப்படி மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லாமல் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் பழவேற்காடு ஏரியும் ஒன்றோடொன்று தொட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பு. தென்முனையில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஈயமும் ஆர்செனிக்கும் பாதரசமும் இருக்கின்றன. குழந்தையின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மரப்பொம்மை இதைத் தடுக்குமா?

எண்ணெய்ப் பாதிப்புக்கு நிவாரணம் அறிவித்தபோது அரசு சேதமடைந்த படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்றது. படகே இல்லாமல் கையால் இறால் தடவுகிற பெண்ணுக்குச் சேதமானது தண்ணீர். அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

இதோடு முடியவில்லை. 330 ஏக்கரில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 22 என்று குறிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டமும், 2023 செப்டம்பர் 5 என்று குறிக்கப்பட்ட கூட்டமும் மக்கள் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டன. கடலுக்குள் சுவர் கட்டினால் மணல் ஓட்டம் மாறும், வடக்கே கரை அரிக்கும். கரை போனால் முகத்துவாரமும் ஏரியும் பழையபடி இருக்காது. துறைமுகத்துக்கு எதிராக மீனவ மக்கள் நடத்தும் போராட்டத்தில் நாம் முழுமையாக அவர்களோடு நிற்கிறோம்.

அப்படி நின்றுகொண்டே ஒன்றைப் பேசியாக வேண்டும். ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன்வளம் உள்ள இடங்களைப் பங்கிட்டு, குலுக்கல் போட்டு, முறைவைத்து மீன் பிடிப்பது. ஏரியை அழிக்காமல் பகிர்ந்துகொள்ளும் பாரம்பரிய அறிவு என்று ஆய்வாளர்கள் இதை மெச்சி எழுதுகிறார்கள். பகிர்வது யாருக்குள்? பட்டினவர் சாதியைச் சேர்ந்த, திருமணமான ஆண்களுக்குள். பட்டியல் சாதியினருக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது ஓரத்துச் சேறு. கழிவு வந்து முதலில் தங்குவதும் ஓரத்தில்தான். ஏரியைக் காப்போம் என்று ஒன்றாக முழங்குகிறவர்கள், ஏரியைப் பங்கிடுவோம் என்றும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். சாதியை விட்டுவிட்டுப் பேசும் பசுமை நம் பிள்ளைகளின் தட்டை நிரப்பாது.

ஓரத்தில் இறால் குறைந்தால் வீட்டில் மீன் குறைகிறது. மீன் குறைந்த இடத்துக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் வருகிறது. பிள்ளை அழுதால் கூலிக்குப் போகும் தாய் அதைத்தான் வாங்கித் தர முடியும். அவரைக் குற்றவாளியாக்கும் அறிவுரையை நாம் ஏற்க முடியாது. அதற்காக நம் வீடுகளில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். குப்பை வண்டி வராத தெருவில் பிளாஸ்டிக்கைக் குவித்து எரிக்கிறோம். அந்தப் புகை நம் கைக்குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகிறது. அதை இன்றே நிறுத்தலாம். வண்டி ஏன் நம் தெருவுக்கு வரவில்லை என்ற கேள்வியையும் இன்றே தொடங்கலாம்.

தண்ணீர் என்பது நமக்கு எப்போதுமே சாதிப் பிரச்சினைதான். 1927 மார்ச் 20 அன்று மகாடு குளத்தில் இறங்கி அண்ணல் அள்ளிக் குடித்தது ஒரு கை தண்ணீர். தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகும், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அது வெளியே தெரிந்ததே குழந்தைகள் நோயுற்ற பிறகுதான்.

ஆகவே மாணவத் தோழர்களே, ஏரிக்கரைக்கு வரும்போது துணிப்பையோடு ஒரு நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, அங்கன்வாடிக்குப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது, குப்பை வண்டி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். அந்தக் கணக்கை அங்கே வாசித்து, தீர்மானமாக எழுத வையுங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாம்பலுக்கும் புகைக்கும் அருகில் வாழும் குழந்தைகளுக்கு அரசு ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று கேளுங்கள். துறைமுகக் கருத்துக்கேட்பு மறுபடி அறிவிக்கப்பட்டால், 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி 30 நாள் அவகாசம் தர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அதை வாங்கி, இறால் தடவும் அக்காக்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மேடையில் ஒலிவாங்கி அவர்கள் கைக்குப் போகட்டும்.

நம் பிள்ளைகளுக்கு எப்படி எளிமையாக வாழ்வது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் ஏரியில் ஒரு பங்கும் கொடுங்கள். மிச்சத்தை அவர்களின் தாய்மார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜெய்பீம்.