அம்புமுனைக்கு அகலம் அல்ல, ஆழமே முக்கியம்

அமெரிக்காவில் வெண்வால் மான்களின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சங்களாக அருகிப்போயிருந்த இனம் இது. வீடுகள் நெருங்கிய புறநகர்களில் துப்பாக்கி எடுக்க முடியாது என்பதால், மான் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த அங்கே வில் வேட்டையையே பெரிதும் நம்புகிறார்கள். அந்த வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லை ஒதுக்கிவிட்டு, நெடுவில், நுனி முன்வளைந்த ரிகர்வ் வில் போன்ற மரபு வில்லை எடுக்கிறார்கள். அவர்கள் எந்த அம்புமுனையைப் பூட்டுவது என்பது பெரும்பாலும் அவரவர் ரசனையாகவே பேசப்படுகிறது. அதை நான் ஏற்கவில்லை. அடிபட்ட மான் சில வினாடிகளில் விழுமா, குற்றுயிராகப் புதருக்குள் கிடந்து வதைபடுமா என்பதில் முனைக்கும் பங்கு உண்டு. மரபு வில்லுக்கு உரியது, உடலில் பட்டதும் அலகுகள் திறக்கும் விரியும் முனை அல்ல. இரண்டே அலகுகள் கொண்ட, நீண்டு குறுகிய, நன்றாகத் தீட்டிய, அலகுகள் அசையாத நிலைமுனைதான்.

காரணம் வில்லின் ஆற்றலில் இருக்கிறது. ரிகர்வ் வில்லிலிருந்து 32 கிராம் அம்பு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 40 ஜூல். காம்பவுண்ட் வில் 26 கிராம் அம்பை 85 மீட்டர் வேகத்தில் விட்டால் அது 94 ஜூல். மரபு வில்லின் அம்பு பாதிக்கும் குறைவான ஆற்றலை வைத்துக்கொண்டு தோல், விலா, நுரையீரல் எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். விரியும் முனையோ, உடலில் பட்ட பிறகு அலகுகளைத் திறக்கவே ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தைக் கொண்டு இன்னும் அகலமான வெட்டைப் போட வேண்டியிருக்கும். அமெரிக்க வில்லாளர் ஹோவர்ட் ஹில்லின் வடிவ நிலைமுனைகளின் நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. சரிவு மெல்லியதாக இருப்பதால் அவை குறைந்த விசையிலேயே உள்ளே இறங்குகின்றன. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அம்பின் ஊடுருவலை ஆராய்ந்த எட் ஆஷ்பி காட்டு விலங்குகளின் மீது நடத்திய சோதனைகளிலும், எலும்பைக் கடப்பதில் இத்தகைய முனைகளே முன்னே நின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான சான்று மேரிலாந்தில் உள்ள ஒரு கடற்படை வளாகத்தின் பதிவேடு. அங்கே நிலைமுனை பட்ட மான்களில் நூற்றுக்குச் சுமார் 82 கண்டெடுக்கப்பட்டன. விரியும் முனை பட்டவற்றில் சுமார் 91. இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அவை காம்பவுண்ட் வில்லாலும் குறுக்குவில்லாலும் எய்யப்பட்டவை. ஆற்றல் மிகுந்த வில்லுக்கு அகலம் உதவுகிறது என்பதற்குத்தான் அது சான்று; அதில் பாதி ஆற்றலுள்ள வில்லுக்கு அதே முடிவைப் பொருத்த முடியாது. குறுகிய வெட்டு இரத்தத் தடம் விடாது என்பது இன்னொரு கவலை. மரப் பரணிலிருந்து எய்யும்போது அம்பு முதுகுப் பக்கமாக நுழைகிறது. மறுபக்கம் கீழே ஒரு துளை விழாவிட்டால், எவ்வளவு அகலமான காயமானாலும் இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். ஆகவே தடம் கிடைக்கவும் ஊடுருவல்தான் வழி.

வில் வேட்டையே கொடுமை, துப்பாக்கி போதும் என்போரும் உண்டு. பிரிட்டனில் அம்பால் மானைக் கொல்வது சட்டப்படி குற்றம். அந்த நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் வில்லை அனுமதிக்கும் நாடு, அது தரும் துன்பத்தைக் குறைக்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும். பல அமெரிக்க மாநிலங்களின் விதிகள் முனையின் குறைந்தபட்ச அகலத்தை அங்குலக் கணக்கில் சொல்கின்றன. அளப்பதற்கு எளிது என்பதால் அகலம் விதியாகிவிட்டது. ஆனால் உயிரைப் பறிப்பது கூர்மை. அம்பு கொல்வது அதிர்ச்சியால் அல்ல, இரத்தப்போக்கால். மழுங்கிய அலகு பட்டால் இரத்தக் குழாய் வளைந்து விலகிக்கொள்ளும். கூரான அலகு பட்டால் அறுபடும். கடையில் வாங்கிய முனையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டுவதும், வைக்கோல் இலக்கில் பழகிய முனையோடே காட்டுக்குள் போவதும் இந்த அடிப்படையை மறந்த செயல்கள். இரட்டை அலகு முனையைச் சாணைக்கல்லில் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய தகுதி. வில் வேட்டைக்கு உரிமம் தரும் முன் பயிற்சி வகுப்பு வைக்கும் மாநிலங்கள், குறிபார்க்கும் திறனோடு முனை தீட்டும் திறனையும் நேரில் சோதிக்க வேண்டும்.