யாழை மீட்ட கை

யாழ் என்னும் சொல் தமிழர் நாவில் இருக்கின்றது. யாழ் தமிழர் கையில் இல்லை. பெண்மக்களுக்கு யாழினி என்றும் யாழ்மொழி என்றும் பெயர் சூட்டுகின்றனர். ஈழத்தின் வடபுலம் யாழ்ப்பாணம் என்றே வழங்குகின்றது. யாழ் வல்ல பாணபத்திரருக்காகச் சொக்கரே விறகு சுமந்து மதுரைத் தெருவில் பாடினார் என்னும் கதையை மதுரை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். ஆனால், அதே மதுரையின் மாசி வீதிகளில் ஒருவன் யாழ் வேண்டும் என்று கடை கடையாய்க் கேட்டுப் பார்க்கட்டும், வெறுங்கையோடு திரும்புவான். கித்தார் வேண்டும் என்று கேட்டாலோ, வகை வகையாய் எடுத்து முன்வைப்பர்.

இந்நிலை கண்டு தமிழன்பர் சிலர் கித்தாரைப் பழிக்கின்றனர். அயற்கருவி என்கின்றனர்; அதைத் தோளில் மாட்டித் திரியும் இளைஞனை இகழ்கின்றனர். அந்த இகழ்ச்சியால் யாழுக்கு ஒரு நரம்பேனும் கூடியதுண்டா? கேட்கத்தக்க கேள்வி வேறு. கித்தார் எவ்வாறு வாழ்கின்றது? யாழ் எவ்வாறு மாண்டது? இதற்கு விடை இசைமேடையில் இல்லை. தச்சுப் பட்டறையில் இருக்கின்றது.

கையால் ஒரு கித்தார் செய்வதற்குப் பெருந்தொழிற்சாலை வேண்டுவதில்லை. வீட்டின் பின்கட்டும், உளியும், இழைப்புளியும், அரமும், மெல்லிய வாளும், பொறுமையும் போதும். கருவியின் உயிர் ஒலிப்பலகையில் உள்ளது. மரத்தின் ஆண்டுவரைகள் பலகையில் நேர்குத்தாய் நிற்கும்படி அறுத்து, ஒன்றையொன்று ஒத்த இரு பலகைகளை நடுவே பொருத்தி ஒட்டி, இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கு இழைக்கின்றனர். தடிப்பு மிகுந்தால் ஒலி அடைபடும். குறைந்தால் நரம்பின் இழுப்பில் பலகை வயிறு தள்ளும். ஓரெல்லை வரைதான் அளவுகோல் வழிகாட்டும். அதற்கு மேல் தச்சன் பலகையை இரு விரலால் தூக்கிப் பிடித்து, விரல்மொட்டால் தட்டித் தட்டிக் காதால் அளக்கின்றான்.

பக்கப் பலகைகளை இன்னும் மெலிதாய் இழைத்து, நீரில் நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் அழுத்தி, இடை சிறுத்த வடிவுக்கு வளைக்கின்றனர். கை விரைந்தால் மரம் முறியும், தயங்கினால் கருகும். ஒலிப்பலகையின் அடிப்புறத்தில் மெல்லிய தாங்குசட்டங்களை ஒட்டுகின்றனர். எஃகு நரம்பு பூட்டிய கித்தாரில் ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையளவுக்கு இழுக்கின்றன. அவ்விழுப்பைப் பலகை தாங்கவும் வேண்டும்; மெல்லத் தொட்டாலே அதிரவும் வேண்டும். இவ்விரண்டையும் இணக்குவதே இத்தொழிலின் நுட்பம். மரம் நன்கு உலர்ந்திருத்தலும் வேண்டும். மதுரைக் கோடையில் சுருங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதும் பச்சை மரத்தால் கதவு செய்தாலே பொருந்தாது. கருவி எங்ஙனம் பொருந்தும்?

மெட்டுகளைப் பதிப்பது கணக்கின் வேலை. நரம்பின் நீளம் 650 மில்லிமீட்டர் எனின், அதனை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும்: 36.5 மில்லிமீட்டர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இவ்வாறே சென்றால் பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் நட்டநடுவில், 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். ஏழாம் மெட்டில் அழுத்தினால், மயிரிழை வேறுபாட்டோடு, நரம்பின் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்கும். தமிழிசை இதனை நன்கறியும்: திறந்த நரம்பு குரல் எனின், அவ்வேழாம் மெட்டு இளி. ஒரு குரலுக்கும் அதன் மேற்குரலுக்கும் இடையே பன்னிரு பகுப்புகளை வட்டப்பாலையில் வகுத்து, அவற்றில் ஏழிசையை நிறுத்தி ஆய்ந்தவர் தமிழர். இயற்கையின் கணக்கு எல்லா இனத்தார்க்கும் ஒன்றே. அதற்குத் தம் மொழியில் பெயரிட்டு வைத்திருந்த இனத்தார் சிலரே.

இன்றைய கித்தாரின் வடிவை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோரெசு என்னும் இசுப்பானியர். 1817 இல் பிறந்து 1892 இல் மறைந்தவர். அவர் அரசவைப் புலவரோ பல்கலைக்கழகப் பேராசிரியரோ அல்லர், தச்சர். பிற்காலத்தில் பீங்கான் கடை நடத்திப் பிழைத்துக்கொண்டே வீட்டிலிருந்து கித்தார் செய்தவர். கருவியின் ஒலி பெரும்பாலும் மேற்பலகையினின்றே பிறக்கின்றது என்று மெய்ப்பிக்க, 1862 இல் முதுகையும் பக்கங்களையும் தாட்கூழால் அமைத்து ஒரு கித்தார் செய்தார். கித்தார் என்னும் பெயரோ கிரேக்கரின் கிதாரா என்னும் பழங்கருவியின் பெயரோடு உறவுடையது. கிரேக்கன் கருவி மாறிற்று. பெயர் நாடு விட்டு நாடு சென்றது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தச்சன் அதற்குப் புதுவுடல் தந்தான். அதனால் அது வாழ்கின்றது.

தமிழரிடத்தில் இவ்வறிவு இல்லாமலிருந்ததா? பொருநராற்றுப்படையைப் பாடிய முடத்தாமக் கண்ணியார் யாழை உறுப்பு உறுப்பாக வண்ணிக்கின்றார். பத்தர் மானின் குளம்படி போல் நடுவே பிளந்து தோன்றுகின்றது; போர்வைத்தோல் விளக்கின் சுடர் போல் நிறங்கொண்டுள்ளது; ஆணி வளையில் வாழும் நண்டின் கண்ணை ஒக்கின்றது; வறுவாய் எட்டாம் நாள் திங்கள் போன்றது; கோடு படமெடுத்த பாம்பென நிமிர்கின்றது; திவவுகள் பெண்ணின் முன்கை வளைகளென இறுகியுள்ளன. கருவியைப் பட்டறையில் வைத்துக் கண்ட கண்ணன்றோ இவ்வாறு காணும்! பெரும்பாணாற்றுப்படையிலோ, ஓர் ஆயன் தானே வில்யாழ் செய்துகொள்கின்றான். உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைக்கின்றான், மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டுகின்றான், குறிஞ்சிப்பண் இசைக்கின்றான். விலைகொடுத்து வாங்கிய கருவியன்று. கையால் செய்த கருவி. குமிழ மரம் இன்றும் இந்நிலத்தில் வளர்கின்றது. அக்கொம்பை வளைக்கும் கை எங்கே?

அச்செழுத்து தமிழுக்குப் பலவற்றை மீட்டுத் தந்தது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889 இலும் சிலப்பதிகாரத்தை 1892 இலும் பதிப்பித்தார். யாழின் சொற்கள் திரும்பி வந்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917 இல் வெளிவந்தது. இசைக்கணக்கு திரும்பி வந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் 1916 இல் தேறிய ஈழத்து விபுலானந்த அடிகள், அறிவியலும் கற்ற தமிழறிஞர். பல்லாண்டு உழைத்து அவர் எழுதிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றியது. அவர் ஆய்வின்படி செய்த யாழ்கள் அவ்விழாவில் ஊர்வலமாகச் சென்றன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். விழா முடிந்தது, நூல் நூலகம் சேர்ந்தது, யாழ் மட்டும் வீடு சேரவில்லை. ஏன்? அந்நூலைக் கற்கப் புலவர் இருந்தனர். அதனைக் கையிலேந்திப் பட்டறைக்குச் செல்லத் தச்சர் பரம்பரை ஒன்றை எவரும் உருவாக்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் யாழ் மீண்டும் இளைஞர் செவியில் விழத் தொடங்கியிருக்கின்றது. எங்கிருந்து? தமிழ் மன்றங்களிலிருந்து அன்று. சென்னையில் ‘உரு’ என்னும் பட்டறை நடத்தும் தருண் சேகர் கித்தார்களைக் கையால் செய்து தேர்ந்தவர். பழந்தமிழ் நூற்குறிப்புகளைத் துணைக்கொண்டு அவர் யாழைச் செய்து, இக்காலப் பாட்டில் அதனை ஒலிக்கவும் செய்தார். அயற்கருவி என்று எதனைத் தமிழன்பர் பழித்தனரோ, அதனைச் செய்யக் கற்ற கையே தமிழரின் தொல்கருவியையும் மீட்டது. இச்செய்தி மகிழ்ச்சிக்குரியது, தமிழ்த்தொண்டர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோர் நாணுதற்கும் உரியது.

யாழில் ஒரு நரம்புக்கு ஓரிசைதானே. அதன் குறையால் அது தானே வழக்கொழிந்தது என்பாரும் உளர். பருமாவைப் பாருங்கள். யாழின் குடியைச் சேர்ந்த, வளைந்த கோடும் தோற்போர்வையும் உடைய சவுங் என்னும் கருவி அங்கே இன்றும் வாழ்கின்றது. குறையுடைய கருவியாயின் அங்கு மட்டும் எங்ஙனம் வாழ்ந்தது? செய்யும் கை அறவில்லை. ஆகவே கருவி அறவில்லை. அத்துணைத் தொலைவும் போக வேண்டா. மானாமதுரைக் குயவர் கை ஓயவில்லை, கடம் ஒலிக்கின்றது. தஞ்சைத் தச்சர் பலாமரம் குடைவதை நிறுத்தவில்லை, வீணை ஒலிக்கின்றது.

சொல்லாக்கத்திற்கும் இதுவே சட்டம். கித்தாருக்கு மேடையிலிருந்து பெயர் புனைவதால் பயன் சிறிது. அதனைச் செய்பவனும் செப்பனிடுபவனும் நெக்கு, பிரெட்டு, பிரிட்சு என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை புனைந்த பெயர் தாளில்தான் கிடக்கும். வீணைத் தச்சரிடத்தில் குடம், மெட்டு, குதிரை என்னும் சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. யாழ் தந்த பத்தர், கோடு, திவவு, மாடகம் என்னும் சொற்கள் நூலில் காத்திருக்கின்றன. கருவி செய்யும் மேசையில் இவற்றை வைத்தால் ஒரே தலைமுறையில் நாவுக்கு வந்துவிடும். சொல் உளியின் அருகில் வாழும். மாநாட்டுத் தீர்மானத்தில் வாழாது.

ஆகவே மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள தமிழ் அமைப்புகள் செய்யத்தக்கன சிலவுண்டு. ஆண்டு விழாவின் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் ஒரு யாழ் செய்யச் சொல்லி, உரிய கூலி கொடுக்கட்டும். முதல் யாழ் பிழைபடும், இரண்டாவது திருந்தும், மூன்றாவது இசைக்கும். அளவுகளையும் மரவகைகளையும் நரம்பின் இழுப்பையும் தூய தமிழில் ஒரு சிறு கையேடாக எழுதி அச்சிடட்டும். கித்தார் செய்யப் பழகும் இளைஞன் எவனேனும் இருப்பின் அவனை இகழாமல் அழைத்து, யாழ்நூலை அவன் கையில் கொடுக்கட்டும்.

யாழைப் போற்றிப் பாடியது போதும். குமிழங்கொம்பு காத்திருக்கின்றது, உளியை எடுங்கள்!