தத்துப் பிள்ளையும் சாதியும்: அரண்மனை முதல் ஆட்சியரகம் வரை

1877இல் புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமான், ஆண் வாரிசு இல்லாத நிலையில், தம் மகள்வழிப் பேரனான மார்த்தாண்ட பைரவரைத் தத்தெடுத்தார். குழந்தைக்கு அப்போது வயது இரண்டு. 1886இல் அச்சிறுவரே அரசரானார். 1915இல் அவர் மோலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கோ அரியணை கிட்டவில்லை. தத்துப் பிள்ளை ஆளலாம், பெற்ற பிள்ளை ஆளக்கூடாது! பழைய இந்துச் சட்டத்தின் தத்து, குழந்தைக்காக ஏற்பட்டதன்று; குலம், சொத்து, நீத்தார் கடன் ஆகியவற்றைக் காக்க ஏற்பட்டது. பிள்ளை அதே சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி.

அவ்விதியை உடைக்க முனைந்தவர் அண்ணல் அம்பேத்கர். திருமணத்திலும் தத்திலும் சாதி நிபந்தனையை ஒழிப்பது அவரது இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவின் நோக்கங்களுள் ஒன்று. மசோதா முடக்கப்பட்டது, 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். எனினும் 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தில் சாதி நிபந்தனை இடம்பெறவில்லை. சாதி மறுப்புத் திருமணம் முழங்கும் மேடைகளில் இவ்வெற்றி ஏனோ பேசப்படுவதில்லை.

சட்டம் கைவிட்டதைச் சந்தை எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் அம்பலமான குழந்தை விற்பனையை நினைவுகூர்வோம். முன்னாள் செவிலியர் ஒருவர் பேசியதாக வெளியான ஒலிப்பதிவில், ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா என்பதற்கேற்ப விலை மாறியது. கொல்லிமலைப் பழங்குடிக் குடும்பங்களின் குழந்தைகளும் விற்கப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. நிறத்துக்கு விலை வைப்பது, சாதியை வாய்விட்டுச் சொல்லாமல் கேட்கும் வழியே என்போம்.

வாங்குவோரின் ஏக்கம் குறித்து ஊடகங்கள் நிறையவே எழுதின. நாம் பெற்றவளைக் குறித்துக் கேட்கிறோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்க்க இயலாத தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். தரகர் அறுபது மணி நேரம்கூடத் தரமாட்டார். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். மருத்துவமனைப் பொறுப்பிலிருப்போர் செய்தால் மூன்று முதல் ஏழாண்டுகள்.

2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் வந்துள்ளது. அதே ஆண்டு டிசம்பரில்தான் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் நீதி கோரும் அதே ஆட்சியரகத்திடம் நாம் இன்னொன்றையும் கேட்கிறோம்: மாவட்டத்தின் ஒவ்வோர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டிலும், படிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கும்படி, அந்த 60 நாள் உரிமையை வாய்மொழியாகச் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.