குப்பை நம் கையில், வருமானம் யார் கையில்?

2024-இல் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை ஆகிய நான்கு ஊர்களும் மாநகராட்சிகள் ஆயின. ஊர் பெருத்தால் குப்பையும் பெருகும். பெயர்ப் பலகை மாறிய கையோடு குப்பை டெண்டர் பற்றிய பேச்சும் வந்துவிடும். அதில் வண்டிக்கணக்கு இருக்கும், டன் கணக்கு இருக்கும். வண்டிக்குப் பின்னால் நிற்பது யார் என்ற கேள்வி இருக்காது. பதில் எல்லோருக்கும் தெரியும் என்பதாலோ என்னவோ!

2025 ஆகஸ்டில் சென்னை இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது, பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். பெண்களே அதிகம். பணி நிரந்தரம் கேட்டவர்களைப் போலீஸ் 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. அரசு வேலை, இல்லையென்றால் கம்பெனி வேலை என்று இரண்டே வழிகள்தான் அன்று பேசப்பட்டன. புனேயில் மூன்றாவது வழி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே 1993-இல், பாபா ஆதவ் போன்றோர் முன்னிற்க, குப்பை பொறுக்குவோர் சங்கம் கண்டார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார்கள். மாதக் கட்டணத்தை வீட்டுக்காரர் நேராக அவர்களிடமே கொடுக்கிறார். அட்டை, பாட்டில், இரும்பு விற்ற காசும் அவர்களுக்கே. 3,000-க்கும் மேற்பட்டோர் இதில் பிழைக்கிறார்கள். முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை.

கணக்கு எளிது. எடைக்குக் காசு வாங்கும் ஒப்பந்ததாரருக்குக் குப்பை கூடினால்தான் லாபம். தரம் பிரிக்க அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? பிரித்தால்தான் காசு என்றிருக்கும் பெண்மணி ஒரு பால் கவரையும் விடமாட்டார்.

ஆனால் இதைக் கொண்டாடிவிட்டு நகர நமக்கு மனம் வரவில்லை. கூட்டுறவு என்று பெயர் வைத்தாலும் குப்பையில் கை வைப்பது அதே சாதிதானே? கட்டணம் தராத வீடுகளும் உண்டு, பிரிக்காமல் கொட்டும் வீடுகளும் உண்டு. ஓய்வூதியம் உள்ள நிரந்தர வேலைக்கு இது ஈடாகாது. நிரந்தரக் கோரிக்கையை நாம் கைவிடச் சொல்லவில்லை. கம்பெனிக்குத்தான் கொடுப்போம் என்று நிர்வாகம் நிற்கும் இடத்தில், கம்பெனிக்குப் பதில் நாமே ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் கேள்வி. அதுவும் பெருக்குவதோடு நிற்காமல் தரம் பிரிப்புக் கூடம், உரக் கூடம், பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம் வரை. லாபம் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. குப்பை பொறுக்குவோரின் அமைப்புகளை அங்கீகரித்துப் பணியில் இணைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. மூலதனத்துக்கு, அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. அது தனியாக லாரி வாங்குகிறவரோடு நின்றுவிடாமல், நம் பெண்கள் கூட்டாக நடத்தும் கூடத்துக்கும் வர வேண்டும்.

டெண்டர் கையெழுத்தாகிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கதவு அடைபடும். அதற்கு முன்னால் வார்டு கமிட்டியிலும் ஏரியா சபையிலும் நம் ஆட்கள் எழுந்து கேட்க வேண்டும்: இந்த ஊரின் அட்டையும் பாட்டிலும் விற்ற காசு இப்போது யாருக்குப் போகிறது?