விண்வெளிக் கப்பலுக்கும் ஒரு தண்டல் வேண்டும்!

நட்சத்திரங்களுக்கு நடுவே பெரும் யுத்தம்! மேஜையின் மீது நூறு கப்பல்கள் அணிவகுத்து நிற்கின்றன. சுற்றி அமர்ந்து ஆடுகிறவர்கள் நான்கு இளைஞர்கள். நால்வருமே 'அட்மிரல்'! சுக்கான் பிடிக்கிறவன் இல்லை. சோறு வடிக்கிறவன் இல்லை. எரிபொருள் கணக்கு எழுதுகிறவனும் இல்லை.

விண்வெளி யுத்த விளையாட்டுகளை அமைக்கிறவர்களில் பலர் செய்கிற பிழை இதுதான். பட்டத்தை முதலில் சூட்டிவிடுகிறார்கள். வேலையைப் பிறகு தேடுகிறார்கள்.

விளையாட்டுதானே, இதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் கடற்போர் விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார். 1898-ல் அவர் வெளியிட்ட உலகப் போர்க்கப்பல் பட்டியல் அந்த விளையாட்டோடு கைகோத்து வந்ததுதான். அந்தப் பட்டியல் வளர்ந்து வளர்ந்து, கடற்படைக்காரர்களே புரட்டிப் பார்க்கும் நூலாகிவிட்டது. ஆகவே விளையாட்டு என்று அலட்சியம் செய்வதற்கில்லை.

மேனாட்டுப் பட்டங்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது சுலபம். 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' கதையில் வரும் காப்டன், கமாண்டர், லெப்டினன்ட் எல்லாம் கடற்படையிலிருந்து கடன் வாங்கியவையே. ஆனால் கடன் வாங்குகிறவர்கள் கணக்கையும் தெரிந்து வாங்க வேண்டாமா? கடற்படைக் காப்டன், தரைப்படையின் கர்னலுக்குச் சமம். தரைப்படைக் காப்டனோ கடற்படை லெப்டினன்டுக்குத்தான் சமம். போதாக்குறைக்கு, சிறிய போர்க்கப்பலை நடத்துகிறவர் லெப்டினன்டாக இருந்தாலும், அந்தக் கப்பலில் அவர்தான் காப்டன்! ஒன்று பதவிப் படி, மற்றொன்று பொறுப்பு. இரண்டையும் குழப்பினால் ஆட்டமே குழம்பும்.

படை எவ்வளவோ, அவ்வளவுதான் பட்டமும் இருக்க வேண்டும். நம் நாட்டையே பாருங்கள். 1958-ல் இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர் கடாரி. அவருடைய பட்டம் வைஸ் அட்மிரல்தான். நாட்டின் கடற்படைத் தலைவருக்கு முழு அட்மிரல் பட்டம் கிடைத்தது 1968-ல், பெற்றவர் சாட்டர்ஜி. கிழக்குக் கப்பற்பிரிவு தனியாக அமைந்தது 1971-ல். கப்பல்கள் பெருகின, கடமைகள் பெருகின, பிறகே நட்சத்திரங்கள் கூடின. பத்துக் கப்பல் வைத்திருக்கும் ஒரு கிரகத்துக்கு ஏழு அட்மிரல் என்றால் எந்த வாசகன் நம்புவான்?

சோழர் பட்டியல்

தமிழ் மணம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நேரே சோழரிடம் ஓடுகிறார்கள். கணாதிபதி, மண்டலாதிபதி, கலபதி என்று சோழர் கடற்படைப் பதவிகளாக ஒரு பட்டியல் கைக்குக் கை உலவுகிறது. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1025-ம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கப்பல்கள் சென்றது உண்டு, பிடித்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக உண்டு. இந்தப் பதவிப் படிகள் இல்லை. கற்பனை விளையாட்டுக்குக் கற்பனைப் பட்டம் வைப்பதில் குற்றமில்லை. அதைச் சரித்திரம் என்று சத்தியம் செய்வதுதான் தவறு.

அவ்வளவு தூரம் போவானேன்? ராயபுரம் கடற்கரையிலேயே சரக்கு இருக்கிறது.

சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துப் போய் ஆளையும் மூட்டையையும் கரை சேர்க்கும். அந்தப் படகுக்காரர்களின் தலைவனுக்குப் பெயர் தண்டல். (இன்றைய வட சென்னையில் தண்டல் என்றதும் வட்டிக்காரர் முகம்தான் நினைவுக்கு வரும், அது வேறு!) எந்த அலையில் ஏறுவது, எந்த அலையை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கிறவன் அவனே. வெள்ளைக்கார கவர்னரே படகில் இருந்தாலும் அந்த நேரத்தில் தண்டல் வாக்கே சட்டம்.

பெரிய கப்பல்களில் லஸ்கர்களுக்கு மேல் தண்டல், தண்டலுக்கு மேல் சாரங்கு. சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. சமையல் செய்பவன் பண்டாரி. ஆளைத் திரட்டி வருகிறவனும் சாரங்கு. காப்டனின் உத்தரவை லஸ்கரிடம் கொண்டுபோகிறவனும் சாரங்கு. இந்தக் கப்பல் பாஷைக்கு ரோபக் என்பவர் 1811-லேயே அகராதி அச்சிட்டிருக்கிறார். மாலுமி என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. அது அரபியில் ஆசானைக் குறிக்கும் சொல். கடலில் வழி தெரிந்த பெரியவருக்கு வழங்கியது. இன்று கப்பலில் வேலை செய்யும் எவரும் மாலுமி! ஐந்நூறு ஆண்டு வயதான விண்வெளிப் பேரரசைப் படைக்கிறவர்கள் இப்படித் தேய்ந்த பட்டம் இரண்டையாவது வைத்தால் அந்தப் பேரரசுக்கு உயிர் வரும்.

எம்டன் சொல்லும் பாடம்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை யார் மறப்பார்? அது அட்மிரல் ஷ்பேயின் கப்பற்கூட்டத்திலிருந்து பிரித்து அனுப்பப்பட்ட ஒற்றைக் கப்பல். ஒற்றை என்று சொன்னாலும் கூடவே மார்க்கோமான்னியா என்ற கரிக்கப்பல் வந்தது. கரி இல்லையேல் எம்டன் இல்லை! அதன் காப்டன் முல்லர், பிடித்த கப்பலிலெல்லாம் ஒரு அதிகாரியையும் சில சிப்பாய்களையும் ஏற்ற வேண்டியிருந்தது. ஆக, எத்தனை கப்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது பீரங்கியின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கைவசம் எத்தனை சின்ன அதிகாரிகள் என்பதிலும் இருக்கிறது. இந்த ஒரு விதியைச் சேர்த்தாலே எந்த விண்வெளி ஆட்டமும் சூடு பிடிக்கும்.

இன்னொரு விதியும் வேண்டும். அதைப் பெரும்பாலான விளையாட்டுகள் தொடுவதே இல்லை. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' தளத்துக் கடற்படைச் சிப்பாய்கள் சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். மோசமான உணவு, அதிகாரிகளின் ஏச்சு, வெள்ளையருக்கு ஒரு நீதி தமக்கு ஒரு நீதி: இவையே காரணம். நெருப்பு கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பரவியது. மேலே எத்தனை அட்மிரல் இருந்து என்ன? கீழ்ப்படி அசையவில்லை என்றால் கப்பல் அசையாது. மேஜை மீது நகரும் பொம்மைக் கப்பல் மட்டும் உத்தரவு போட்டதும் ஓடுகிறது!

2023 டிசம்பர் 4 அன்று, கடற்படைப் பதவிகளுக்கு இந்திய மரபில் பெயர் வைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். அட்மிரல்களின் தோள்பட்டைச் சின்னமும் சிவாஜியின் முத்திரையைத் தழுவி மாறியது. நல்லதுதான். ஆனால் தோளுக்குக் கிடைத்த மரபு கைக்கும் கிடைக்க வேண்டும். சாரங்கும் தண்டலும் சுக்கானியும் இந்தியக் கடல் மரபு இல்லையா?

விளையாட்டு அமைக்கும் இளைஞர்கள் ஒரு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போகட்டும். கடலில் பல நாள் தங்கித் திரும்பும் விசைப்படகில் தலைவரை 'டிரைவர்' என்றுதான் அழைக்கிறார்கள். நட்சத்திரமும் இல்லை, பட்டையும் இல்லை. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கும்போது யார் முன்னால் நிற்கிறார், யாருக்கு எத்தனை பங்கு, யார் பேசாமல் வாங்கிக்கொண்டு நடக்கிறார் என்று பார்த்து எழுதி வரட்டும். அட்மிரலுக்குப் பெயர் வைப்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.