நாட்டிய மேடையிலிருந்து மணவிழாவுக்கு

காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவின் திருமணப் படங்கள் இணையத்தில் பரவும்போதெல்லாம் ‘தொன்மை மாறாத மரபுடை’ என்னும் தொடரும் உடன் பரவுகிறது. மணமகன் ‘சோக்கா’ எனப்படும் இடை இறுகிய கம்பளி மேலங்கி அணிந்து, இடுப்பில் குறுவாளுடன் நிற்கிறான். மணமகள் தரை தொடும் நீளுடையும், தலைப்பட்டையிலிருந்து தோளில் வழியும் ‘லெச்சாக்கி’ என்னும் மெல்லிய முக்காடும் அணிந்திருக்கிறாள். காட்சி அழகானது, ‘மாறாத’ என்ற சொல்தான் ஆய்வுக்குரியது.

சோக்காவின் மார்பில் வரிசையாக அமைந்த சிறு குழல்கள் ஒரு காலத்தில் வெடிமருந்தை அளந்து அடைத்து வைத்தவை. இன்று அவை வெறும் அணி. அந்த அங்கியும் ஜார்ஜியருக்கு மட்டும் உரியதன்று. வடகாக்கசஸ் மக்கள் பலரும் அதன் வகைகளை அணிந்தனர்.

1921இல் சோவியத் ஆட்சி வந்த பின்னர், இவ்வுடை அன்றாட வாழ்விலிருந்து விலகியது. நாட்டிய மேடையில் தங்கியது. இலிக்கோ சுகிஷ்விலியும் நினோ ராமிஷ்விலியும் 1945இல் நிறுவிய நடனக் குழு அதை உலகெங்கும் கொண்டு சென்றது. அக்குழுவுக்கு உடை வடிவமைத்தவர் சிமோன் விர்சலாட்ஸே என்னும் அரங்க ஓவியர். திருமண நடனமான ‘கார்த்துலி’யில் ஆணின் அங்கி நுனியும் பெண்ணின் மீது படலாகாது; பாதங்களை மறைக்கும் உடையில் அவள் மிதப்பதுபோல் நகர்கிறாள். 1991இல் நாடு விடுதலை பெற்ற பிறகு மரபுடையைத் தேடிய தலைமுறையின் கண்ணில் பெரிதும் நிறைந்திருந்தது இந்த மேடை வடிவமே.

ஆகவே இம்மரபு போலி என்று முடிவுகட்டுவது அவசரம். இழந்ததை, அது எங்கே காக்கப்பட்டதோ அங்கிருந்தே ஒரு சமூகம் மீட்டுக்கொள்ளும். தேவாலயத்தில் மணமக்களுக்கு முடிசூட்டும் சடங்கும், ‘தமதா’ என்னும் விருந்துத் தலைவர் வாழ்த்துரைகளால் வழிநடத்தும் ‘சுப்ரா’ விருந்தும், அங்கே எழும் பல்குரல் பாட்டும் இன்றும் உயிர்ப்புடன் தொடர்கின்றன. உடை மேடைவழி வந்ததால் இவற்றின் பொருள் குறைந்துவிடவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மேடை எதையும் தேர்ந்தெடுத்தே காட்டும். பிரபுக்களும் நகரத்தாரும் அணிந்த உடை நாட்டின் பொது உடையாகியிருக்கிறது. சிலுவைப் பூவேலை நிறைந்த, கெவ்சுரேத்தி மலைமக்களின் ‘தலவாரி’ உடை ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. திபிலிசியில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் திமித்ரி எர்மகோவ் (1846–1916) எடுத்த படங்களைப் பார்ப்போர்க்கு, அன்றைய உடைகள் எத்துணை வேறுபட்டிருந்தன என்பது விளங்கும். ஆர்மீனியரும் அசர்பைஜானியரும் தலைமுறைகளாக வாழும் நாட்டில், ‘தேசிய மணவுடை’ ஒன்றே என்பது அவர்களின் மணவிழாக்களையும் மறைத்துவிடுகிறது.

ஒரு மணவுடையைக் காணும் ஆய்வாளர் அதன் வயதைக் கேட்பதோடு நிற்கலாகாது. அதைக் காத்தவர் யார், தேர்ந்தவர் யார், அத்தேர்வில் விடுபட்டவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். இக்கேள்விகள் மணமக்களின் மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. விடுபட்டவர்களின் மணநாளையும் வரலாற்றில் சேர்க்கின்றன.